உயிர்களைப் பிரிக்கும் கோடு எங்கே விழுகிறது?

கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை பயிரிடுபவர்களுக்கு இரண்டு நோய்கள் நன்றாகத் தெரியும். ஒன்று சாம்பல் நோய். இலையின் மேற்பரப்பிலும் காய்களிலும் வெண்பொடி படியும். மற்றொன்று அடிச்சாம்பல் நோய். இலையின் மேலே எண்ணெய் பட்டதுபோல மஞ்சள் புள்ளி விழும். இலையைத் திருப்பிப் பார்த்தால் அதே புள்ளிக்கு நேர் கீழே வெண்மையான இழைகள் படர்ந்திருக்கும். பேச்சு வழக்கில் இரண்டுமே பூஞ்சாண நோய்தான். ஆனால் நனையும் கந்தகத்தைக் கரைத்துத் தெளித்தால் சாம்பல் நோய் கட்டுப்படும், அடிச்சாம்பல் நோய் அசையாது. டிரையசோல் வகை மருந்துகளும் அப்படித்தான். அவை எர்கோஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருளை உருவாக்கவிடாமல் தடுத்துப் பூஞ்சையை முடக்குகின்றன. அடிச்சாம்பல் நோயைத் தரும் உயிரியோ எர்கோஸ்டெராலை உருவாக்குவதே இல்லை. மருந்து தடுப்பதற்கு அங்கே எதுவும் இல்லை.

காரணம், அது பூஞ்சையே அல்ல. பிளாஸ்மோபாரா விட்டிகோலா என்ற அந்த உயிரி ஊமைசீட் என்ற கூட்டத்தைச் சேர்ந்தது. அதன் செல்சுவரில் செல்லுலோஸ் இருக்கிறது. பூஞ்சைகளின் செல்சுவருக்கு முதன்மையான பொருள் கைட்டின். நீரில் நீந்தும் அதன் வித்துக்கு இரண்டு கசையிழைகள் உண்டு, அவற்றில் ஒன்றில் மயிர் போன்ற நுண்ணிழைகள் இருக்கும். இதே அமைப்பை வேறு எங்கே பார்க்கலாம் என்று தேடினால் பழுப்புக் கடற்பாசிகளின் இனப்பெருக்கச் செல்களில் பார்க்கலாம். ஆம், குளிர்ந்த கடல்களில் பல மீட்டர் உயரத்துக்குக் காடாக வளரும் கெல்ப் பாசிக்கும் திராட்சை இலையின் அடியில் படரும் இந்த இழைக்கும் இரத்த உறவு இருக்கிறது. அதே இலையின் மேற்புறத்துப் பொடிக்கும் இதற்கும் அப்படி ஓர் உறவு இல்லை. உருளைக்கிழங்கு வயலைக் கருக்கி, 1845 முதல் அயர்லாந்தைப் பஞ்சத்தில் தள்ளிய பைட்டோப்தோராவும் இந்த ஊமைசீட் வம்சம்தான்.

உயிரினங்களை உலகங்களாகவும் பெரும்புலங்களாகவும் பிரிக்கும் பாடத்தைப் பிள்ளைகள் பதினோராம் வகுப்பில் அட்டவணையாகப் படித்துத் தேர்வெழுதி மறந்துவிடுகிறார்கள். எனக்கு இதில் தீராத வருத்தம் உண்டு. அந்த அட்டவணையின் ஒவ்வொரு கோடும் "இது எந்த வம்சத்தில் வந்தது" என்ற கேள்விக்கு யாரோ ஒருவர் கொடுத்த பதில். சில பதில்கள் நிலைத்தன, பல பதில்கள் விழுந்தன. எந்தச் சான்றால் விழுந்தன என்பதில்தான் அறிவியலே இருக்கிறது.

ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல் லின்னேயஸ் 1735இல் லெய்டன் நகரில் தன் வகைப்பாட்டை அச்சிட்டபோது இயற்கை முழுவதையும் கல், தாவரம், விலங்கு என்று மூன்று உலகங்களாகப் பிரித்தார். உயிருள்ளவற்றுக்கு இரண்டு உலகங்களே போதும் என்பது அவர் கருத்து. காளான் நகராது, எனவே தாவரம். வெறும் கண்ணுக்குத் தெரிந்தவரை இதில் பெரிய சிக்கல் எழவில்லை. ஆனால் அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே, ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் ஆன்டனி வான் லூவன்ஹூக், தானே தேய்த்துச் செய்த லென்ஸ் வழியாக நீர்த்துளியில் நீந்தும் நுண்ணுயிர்களைப் பார்த்துவிட்டிருந்தார். அவற்றை என்ன செய்வதென்று லின்னேயஸுக்குத் தெரியவில்லை. 1767இல் வந்த பன்னிரண்டாம் பதிப்பில் புழுக்களின் கூட்டத்தில் ஒரு மூலையை ஒதுக்கி, 'கேயாஸ்', அதாவது குழப்பம், என்று பெயரிட்டு அங்கே வைத்தார். உலகில் இருக்கும் உயிர் வகைகளில் மிகப் பெரும் பகுதி அந்த மூலைக்குள்தான் அடைபட்டிருந்தது.

அடுத்த இருநூறு ஆண்டுகள் அந்த மூலையைப் பிரித்தெடுக்கும் வேலையில் கழிந்தன. 1866இல் எர்ன்ஸ்ட் ஹெக்கல் நுண்ணுயிர்களுக்கென புரோட்டிஸ்டா என்ற மூன்றாம் உலகத்தை அமைத்தார். 1938இல் ஹெர்பர்ட் கோப்லாண்ட் உட்கரு, அதாவது மரபுப்பொருளைச் சவ்வால் சூழ்ந்து வைத்திருக்கும் பகுதி, இல்லாத பாக்டீரியாக்களை அதிலிருந்து பிரித்துத் தனி உலகமாக்கினார். 1962இல் ஸ்டானியரும் வான் நீலும் உட்கரு உண்டா இல்லையா என்பதே உயிர்களுக்கிடையே ஆழமான பிளவு என்று வாதிட்டார்கள். உட்கரு உள்ள மெய்யுட்கரு உயிரி, அது இல்லாத தொல்லுட்கரு உயிரி என்ற இரட்டைப் பிரிவு அதன்பின் எல்லாப் பாடநூல்களுக்கும் அடித்தளமாகிவிட்டது.

1969இல் வந்த ராபர்ட் விட்டேக்கரின் ஐந்துலக வகைப்பாட்டில் சற்று நின்று பார்க்கவேண்டும். மொனிரா (அதாவது பாக்டீரியாக்கள்), புரோட்டிஸ்டா, பூஞ்சை, தாவரம், விலங்கு. விட்டேக்கர் ஒரு சூழலியலாளர். காட்டில் யார் உணவு தயாரிக்கிறார்கள், யார் உண்கிறார்கள், யார் மக்கச் செய்கிறார்கள் என்று பார்த்துப் பழகிய கண் அவருடையது. அவருடைய மேல்நிலை உலகங்கள் மூன்றும் அந்தக் கண்ணுக்குத் தெரிந்த உலகங்கள். ஒளிச்சேர்க்கை செய்வது தாவரம், விழுங்குவது விலங்கு, வெளியே செரித்து உறிஞ்சுவது பூஞ்சை. காளானைத் தாவரத்திலிருந்து விடுவித்துத் தனி உலகமாக்கியது அவருடைய நிலைத்த சாதனை. ஆனால் பிழைப்பு வேறு, பிறப்பு வேறு. ஒரே தொழில் செய்கிறார்கள் என்பதற்காக இரண்டு பேர் பங்காளிகள் ஆகிவிடமாட்டார்கள். விட்டேக்கரின் அமைப்பில் பழுப்புக் கடற்பாசி ஒளிச்சேர்க்கை செய்வதால் தாவர உலகத்துக்குப் போனது. ஊமைசீட் உறிஞ்சி உண்பதால் பூஞ்சை உலகத்துக்குப் போனது. ஒற்றைச் செல்லாக இருப்பதால் டயாட்டம் என்ற நுண்பாசி புரோட்டிஸ்டாவில் தங்கியது. இன்று நாம் நெருங்கிய உறவினர்கள் என்று அறிந்த மூன்று கூட்டங்கள், மூன்று உலகங்களில் சிதறிக் கிடந்தன. திராட்சைத் தோட்டத்தில் நாம் இன்றும் பூஞ்சாண நோய் என்று சொல்லும் தவறுக்கு அந்தப் பழைய பார்வையே வேர்.

பிறப்பை நேரடியாகப் படிக்க முடியுமா? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பத்தாண்டுகள் பிடிவாதமாக உட்கார்ந்திருந்தவர் கார்ல் வோஸ். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம், அர்பானா. இயற்பியல் வழியாக உயிரியலுக்கு வந்தவர். பாக்டீரியாக்களின் உருவத்தை வைத்து அவற்றின் உறவைச் சொல்லமுடியாது என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. உருண்டை, கோல், சுருள் என்ற மூன்று நான்கு வடிவங்களில் முந்நூறு கோடி ஆண்டு வரலாற்றை எப்படிப் படிப்பது? எல்லா உயிரிலும் இருக்கும் ஒரு பொருள் வேண்டும், அது மெதுவாக மாறுவதாக இருக்கவேண்டும். புரதம் தயாரிக்கும் ரைபோசோம் எல்லாச் செல்லிலும் உண்டு. அதன் சிறிய துணைப்பகுதியில் இருக்கும் ஆர்.என்.ஏ. இழை, பாக்டீரியாவில் சுமார் 1,500 எழுத்து, அதாவது வேதி அலகு, நீளம். அதை ஒப்பிட முடிவு செய்தார்.

இன்று அந்த இழையின் வரிசையைப் படிப்பது ஆய்வகங்களில் அன்றாட வேலை. 1970களில் அப்படியில்லை. நுண்ணுயிரியைக் கதிரியக்கப் பாஸ்பரஸ் கலந்த ஊடகத்தில் வளர்த்து, ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, ஒரு நொதியால் துண்டு துண்டாக வெட்டி, அத்துண்டுகளை மின்புலத்தில் ஓடவிட்டு, எக்ஸ்ரே படத்தில் பதிவு செய்வார்கள். படத்தில் கரும்புள்ளிகள் விழும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு குறுந்துண்டு. ஒளிப்பலகை மேல் அந்தப் படத்தை ஒட்டி, நாள் முழுவதும் நின்று, இந்தப் புள்ளி எந்த எழுத்து வரிசை என்று வோஸ் கண்டறிவார். ஓர் உயிரியின் பட்டியல் முடிய மாதங்கள் ஆகும். இப்படி ஒவ்வொன்றாகப் பட்டியல்களைச் சேர்த்துக்கொண்டே போனதில் ஒன்று தெளிவானது. எந்தப் பாக்டீரியாவை எடுத்தாலும் சில துண்டுகள் தவறாமல் இருக்கும். அவை பாக்டீரியா என்பதற்கான முத்திரைகள்.

1976இல், அதே பல்கலைக்கழகத்தில் மீத்தேன் உற்பத்தி செய்யும் நுண்ணுயிரிகளை ஆராய்ந்துகொண்டிருந்த ரால்ஃப் வுல்ஃப், அவற்றில் ஒன்றை வோஸுக்குக் கொடுத்தார். காற்றில்லாத இடத்தில் மட்டுமே வாழும் அந்த உயிரி, நுண்ணோக்கியில் பார்க்க அசல் பாக்டீரியா. உட்கருவும் இல்லை. ஆனால் படத்தில் அந்த முத்திரைத் துண்டுகள் இல்லை. மெய்யுட்கரு உயிரிகளின் முத்திரைகளும் இல்லை. வோஸ் ஏதோ கலப்படம் என்று நினைத்து மறுபடியும் செய்யச் சொன்னார். மறுபடியும் அதே முடிவு. அடுத்தடுத்துச் சோதித்த மீத்தேன் உயிரிகள் எல்லாம் ஒன்றுக்கொன்று உறவு காட்டின, பாக்டீரியாவோடு காட்டவில்லை. 1977 நவம்பரில் வோஸும் அவருடன் பணிபுரிந்த ஜார்ஜ் ஃபாக்ஸும் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். உட்கரு இல்லாதவற்றுக்குள்ளேயே இரண்டு தனி வம்சங்கள் இருக்கின்றன என்பது அதன் சாரம். நவம்பர் 3ஆம் தேதி நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் முதல் பக்கத்தில் செய்தி வந்தது.

பாராட்டு வரவில்லை. நோபல் பரிசு பெற்ற சால்வடார் லூரியா, வுல்ஃபைத் தொலைபேசியில் அழைத்து, இந்தக் கூத்திலிருந்து உடனே விலகிக்கொள்ளும்படி அறிவுறுத்தியதை வுல்ஃபே பின்னாளில் எழுதியிருக்கிறார். உட்கரு உண்டு, இல்லை என்ற பிளவு அவ்வளவு உறுதியாக மனத்தில் பதிந்திருந்த காலம் அது. ஆனால் ஜெர்மனியில் ஓட்டோ காண்ட்லர் வேறு பாதையில் வந்து வோஸை உறுதிப்படுத்தினார். பாக்டீரியாவின் செல்சுவருக்குரிய பெப்டிடோகிளைகன் என்ற பொருள் இந்த உயிரிகளில் இல்லை என்று அவர் காட்டினார். பெனிசிலின் தாக்குவது அந்தச் சுவர் உருவாகும் இடத்தைத்தான். அதனால் பெனிசிலின் இவற்றை எதுவும் செய்வதில்லை. செல்சவ்வு இன்னும் ஆழமான வேறுபாட்டைக் காட்டியது. பாக்டீரியாவிலும் நம் செல்லிலும் சவ்வின் கொழுப்புகள் எஸ்டர் என்ற வேதிப் பிணைப்பால் ஆனவை. இவற்றில் ஈதர் பிணைப்பு. அதைத் தாங்கும் கிளிசரால் பாஸ்பேட் மூலக்கூறுகூட நம்முடையதன் கண்ணாடிப் பிம்பம்.

ஆர்க்கியா என்று பின்னர் பெயர் பெற்ற இந்த உயிரிகள் வெந்நீர் ஊற்றிலும் எரிமலை வாயிலும் மட்டுமே வாழ்பவை என்று பலர் நினைக்கிறார்கள். மாட்டின் இரைப்பையில் மீத்தேன் உருவாவது இவற்றால். வீட்டுக் கொல்லையில் சாண எரிவாயுக் கலன் இருந்தால், அடுப்பில் எரியும் சுடர் இவற்றின் உழைப்பு. தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களில் உப்பு படிகமாகும் கடைசிப் பாத்தியின் நீர் இளஞ்சிவப்பாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். உப்பைத் தாங்கும் ஆர்க்கியாவுக்கும் டுனாலியெல்லா என்ற பாசிக்கும் அதில் பங்கு உண்டு. நம் குடலிலும் இருக்கின்றன. இத்தனை நெருக்கமாக வாழ்ந்தும் மனிதருக்கு நோய் தருவதாக ஐயமின்றி நிறுவப்பட்ட ஆர்க்கியா ஒன்றுகூட இதுவரை இல்லை.

1990இல் வோஸ், காண்ட்லர், மார்க் வீலிஸ் மூவரும் உலகங்களுக்கும் மேலே ஒரு படிநிலையை வைத்தார்கள். பாக்டீரியா, ஆர்க்கியா, யூகேரியா (மெய்யுட்கரு உயிரிகள்) என்ற மூன்று பெரும்புலங்கள். தாவரம், விலங்கு, பூஞ்சை என்று நாம் பெரிதாக நினைத்த உலகங்கள் மூன்றும் யூகேரியா என்ற ஒரே கிளையின் நுனியில் அருகருகே முளைத்த துளிர்களாகிவிட்டன. இதைத் தாங்கமுடியாதவர்களில் எர்ன்ஸ்ட் மேயரும் ஒருவர். பரிணாம உயிரியலின் பெருந்தலை அவர். 1998இல், தொண்ணூறு வயதைக் கடந்த நிலையில், வோஸை எதிர்த்து எழுதினார். உட்கரு உள்ள உயிரிகள் அடைந்த வடிவச் செழிப்பு எங்கே, ஆர்க்கியாவும் பாக்டீரியாவும் காட்டும் ஒற்றுமை எங்கே என்பது அவர் கேள்வி. யானையையும் ஆலமரத்தையும் கண்ணால் பார்த்து வகைப்படுத்தியவரின் நியாயமான கேள்விதான் இது. ஆனால் என் மனம் வோஸ் பக்கம்தான் நிற்கிறது. கண்ணுக்குத் தெரியும் செழிப்பு அண்மைக் கால நிகழ்வு. உயிரின் வரலாற்றில் பெரும்பகுதி நுண்ணுயிர்களின் வரலாறு, அதைக் கண்ணின் அளவுகோலால் அளக்கமுடியாது.

யூகேரியாவுக்குள்ளேயும் பழைய உலகங்கள் அப்படியே நிற்கவில்லை. 1993 முதல் வந்த மூலக்கூறு ஆய்வுகள், பூஞ்சைக்கு நெருங்கிய உறவு தாவரம் அல்ல, விலங்குதான் என்று காட்டின. காளானும் நாமும் சக்தியைக் கிளைக்கோஜனாகச் சேமிக்கிறோம், தாவரம் மாவுச்சத்தாகச் சேமிக்கிறது. மருத்துவர்களுக்கு இந்த உறவு தலைவலி. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து நம் செல்லைத் தொடாமல் விடுவதற்கு வழி நிறைய உண்டு, வேறுபாடுகள் அதிகம் என்பதால். பூஞ்சையின் செல் நம் செல்லைப் போலவே இயங்குவதால், தாக்குவதற்குத் தனி இலக்குகள் குறைவு. ஆம்போடெரிசின் பி என்ற வலிமையான பூஞ்சைக்கொல்லி சிறுநீரகத்தைப் பாதிப்பதற்கு இந்த நெருக்கமும் ஒரு காரணம். அது பூஞ்சையின் எர்கோஸ்டெராலைப் பிடிக்கும்போது நம் கொலஸ்டிராலையும் ஓரளவு பிடித்துவிடுகிறது.

இன்னொரு சிக்கல், வம்சங்கள் பிரிந்துகொண்டே மட்டும் போகவில்லை, சில இடங்களில் சேர்ந்தும் இருக்கின்றன. நம் செல்லின் மைட்டோகாண்ட்ரியாவும் இலையின் பசுங்கணிகமும் ஒரு காலத்தில் தனியே வாழ்ந்த பாக்டீரியாக்கள் என்று 1967இல் லின் மார்குலிஸ் எழுதியபோது பலர் ஏற்கவில்லை. வோஸின் அதே எக்ஸ்ரே பட முறையைப் பயன்படுத்தி, பசுங்கணிகத்தின் ரைபோசோம் ஆர்.என்.ஏ. நீலப்பச்சைப் பாசிகள் எனப்படும் பாக்டீரியாக்களின் உறவு என்று 1975இல் லிண்டா போனென், ஃபோர்டு டூலிட்டில் இருவரும் காட்டினார்கள். மலேரியா ஒட்டுண்ணி இதைவிட வியப்பானது. அது இரத்தச் சிவப்பணுவுக்குள் இருளில் வாழ்கிறது, ஒளிச்சேர்க்கை செய்வதில்லை. இருந்தும் அதற்குள் சுருங்கிப்போன கணிகம் ஒன்று இருக்கிறது. அதன் மூதாதை எப்போதோ ஒரு சிவப்புப் பாசியை விழுங்கியதன் மிச்சம். அந்தக் கணிகத்துக்குள் பாக்டீரியா பாணி ரைபோசோம் இருப்பதால்தான், பாக்டீரியாவுக்கு எதிரான டாக்ஸிசைக்ளின் மலேரியாவுக்கும் வேலை செய்கிறது.

இவற்றையெல்லாம் கணக்கில் கொண்டு 2015இல் ஒரு குழு ஏழு உலகங்களை முன்வைத்தது. பாக்டீரியா, ஆர்க்கியா, புரோட்டோசோவா, குரோமிஸ்டா, பூஞ்சை, தாவரம், விலங்கு. உயிரியலாளர் தாமஸ் கேவலியர்-ஸ்மித் பல ஆண்டுகளாக வாதிட்டுவந்த குரோமிஸ்டாவில்தான் கெல்ப், டயாட்டம், ஊமைசீட், மலேரியா ஒட்டுண்ணி எல்லாம் சேர்கின்றன. ஏழில் புரோட்டோசோவா மட்டும் இன்னும் வேறெங்கும் சேராதவற்றின் தொகுப்பாகவே இருக்கிறது, அதனால் எனக்கு அந்தப் பிரிவில் நிறைவு இல்லை. புரோட்டிஸ்ட் ஆய்வாளர்கள் பலர் உலகம் என்ற படிநிலையையே கைவிட்டு, வம்சக் கூட்டங்களின் பெயரால் மட்டும் பேசுகிறார்கள். வைரஸ்கள் இந்த மரத்தில் எங்கும் இல்லை. அவற்றுக்கு ரைபோசோம் கிடையாது, எனவே வோஸின் அளவுகோல் அவற்றைத் தொடாது. அவற்றுக்குப் பன்னாட்டுக் குழு ஒன்று தனி வகைப்பாடு வைத்திருக்கிறது.

மூன்று பெரும்புலம் என்ற கணக்கும் இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. 2015இல் நார்வேக்கும் கிரீன்லாந்துக்கும் இடைப்பட்ட கடலின் அடியில், 3,000 மீட்டருக்கும் கீழே, லோகியின் கோட்டை என்று பெயரிட்ட வெந்நீர் வாயருகே எடுத்த சேற்றிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தார்கள். உயிரியை யாரும் பார்க்கவில்லை, மரபணுக்கள் மட்டுமே கிடைத்தன. அதில் ஓர் ஆர்க்கியா இருந்தது. செல்லுக்கு உருவம் தரும் ஆக்டின் முதலாக, மெய்யுட்கரு உயிரிகளுக்கு மட்டுமே உரியவை என்று நினைத்த மரபணுக்கள் பல அதனிடம் இருந்தன. லோகியும் அதன் உறவினங்களும் இன்று அஸ்கார்ட் ஆர்க்கியா எனப்படுகின்றன. 2020இல் ஜப்பானியர்கள், தங்கள் நாட்டுக் கடலடிச் சேற்றை 2006இல் எடுத்து, பன்னிரண்டு ஆண்டுகள் பொறுமையாக வளர்த்து, ஓர் அஸ்கார்ட் உயிரியை முதன்முதலாக நுண்ணோக்கியில் காட்டினார்கள். ஒரு செல் இரண்டாக இரண்டு மூன்று வாரங்கள் எடுத்துக்கொள்ளும் உயிரி அது. வேறொரு நுண்ணுயிரியின் துணையின்றி வளராது. அதன் சிறு உடலிலிருந்து கிளைவிட்ட நீண்ட கரங்கள் நீள்கின்றன. அடுத்து வியன்னாவின் ஆய்வாளர்கள் ஸ்லோவேனியாவின் கடலோரச் சேற்றிலிருந்து இன்னொன்றை வளர்த்து, அதற்குள் ஆக்டின் சட்டகம் இருப்பதைப் படமாகவே காட்டினார்கள்.

மரபணு மரங்களில் பெரும்பாலானவை இன்று நம்மை இந்த அஸ்கார்டுகளுக்கு நடுவே வைக்கின்றன. அப்படியானால் யூகேரியா தனிப் பெரும்புலம் ஆகாது, ஆர்க்கியாவின் ஒரு கிளை, பாக்டீரியா ஒன்றை உள்வாங்கி வளர்ந்த கிளை. பெரும்புலங்கள் இரண்டு. 2012இல் காலமான வோஸ் இந்தச் சான்றுகளைப் பார்க்கவில்லை. அவர் வரைந்த மரம் அவருடைய முறையின் கூர்மையாலேயே திருத்தப்படுகிறது, நான் இரண்டு என்ற கணக்கையே ஏற்கிறேன்.

ஏற்பதற்கு ஒரு தடை இன்னும் இருக்கிறது. நாம் ஆர்க்கியாவிலிருந்து வந்தோம் என்றால் நம் செல்சவ்வு ஈதர் பிணைப்பால் ஆகியிருக்கவேண்டும். ஆனால் அது பாக்டீரியாவைப் போல எஸ்டர் பிணைப்பால் ஆனது. எங்கோ, எப்போதோ, உயிரோடு இருக்கும்போதே ஒரு வம்சம் தன் சவ்வை முழுவதுமாக மாற்றிக்கொண்டிருக்கிறது. இரண்டு வகைக் கொழுப்பும் கலந்த சவ்வு நிற்குமா என்றே பலர் ஐயுற்றார்கள். 2018இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில், ஈ. கோலை பாக்டீரியாவின் மரபணுக்களை மாற்றி, அதன் சவ்வில் ஆர்க்கியா வகைக் கொழுப்பையும் கணிசமாகச் சேர்த்துப் பார்த்தார்கள். பாக்டீரியா செத்துவிடவில்லை, வளர்ந்தது. கலப்புச் சவ்வு இயலும் என்பது ஆய்வகத்தில் உறுதியாகிவிட்டது. மாற்றம் ஏன் நிகழ்ந்தது, மைட்டோகாண்ட்ரியா உள்ளே வருவதற்கு முன்பா பின்பா என்ற கேள்விகளோடு ஆய்வாளர்கள் மறுபடியும் கடலடிச் சேற்றைத்தான் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள்.